கேன்டீனில் சொன்னது பஸ்ஸில் வந்தது

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் கேன்டீனில் மனநல முகாம் நடந்தது. மூளை அலைகளை ஆராய்கிறோம் என்று சொல்லித் தலையில் ஒரு பட்டையை மாட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் எண்ணெயும் வியர்வையும் அதில் பிசுபிசுத்தன. துடைக்கக்கூட இல்லை.

"தூக்கம் எப்டிக்கா? தாராளமா சொல்லுங்க, வெளிய போவாது" என்றாள் முகாமுக்கு வந்த பெண். கணவர் இறந்ததிலிருந்து தூக்கமே இல்லை, வேலை நடுவில் பாத்ரூமுக்குப் போய் அழுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாம்மா, ஊட்டுக்காரர நெனச்சிக்கினு பாத்ரூம்ல குந்தி அழுவுறியாமே?"

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பட்டையின் பிசுக்கு மறுபடியும் நெற்றியில் ஒட்டியதுபோல் இருந்தது; கையால் அழுத்தித் துடைத்தேன். சீ! இதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்!

இப்போது அரசு மருத்துவமனைக்குப் போகிறேன். முதல் நாள் டாக்டர் எதுவும் கேட்பதற்கு முன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் அழுதேன். இப்போதெல்லாம் என் மனசைப் பற்றி யார் கேட்டாலும், நான் முதலில் பார்ப்பது கதவைத்தான்.