சப்பரம் நுழைந்த செங்கல் வாயில்

திருவில்லிபுத்தூர்ப் பெருமக்களே! இராசபாளையத்துத் தோழர்களே! சுந்தரபாண்டியம் சாலையில் நிற்கும் சமீன் மாளிகையின் செங்கல் வாயிலை இடிக்க நாள் குறித்துவிட்டார்கள். அதைக் காத்து நின்ற நம் சவரிமுத்து அண்ணாச்சியோ மண்ணுக்குள் போய்விட்டார்!

இராசபாளையத்தில் நான் மேடையேறும் வேளையில் அவர் மருமகன் அந்தோணி கைபேசியில் அழைத்தான். “அண்ணே, மாமா போயிட்டாக” என்றான்.

மேலைநாட்டு மாளிகையொன்றைக் கண்டு மயங்கிய சமீன்தார், நம் சூளைச் செங்கல்லால் எழுப்பிய வாயில் அது. இருபுறமும் எண்கோண மாடங்கள், நடுவே வளைவு, அதன்மேல் ஓர் அறை. அவ்வளைவைக் கடந்துதான் மாதா கோயில் சப்பரம் ஊருக்குள் வரும். மரக்கடை நடத்திய அண்ணாச்சிதான் சப்பரக் குழுவின் தலைவர்.

ஒரு திருவிழாவில், மாதாவுக்குப் புதுமுடி செய்த களிப்பில் வாயிலின் உயரத்தையே மறந்துவிட்டோம்! முடி வளைவில் இடித்தது. கொட்டு ஓய்ந்தது. அந்தோணி கடப்பாரையோடு பாய்ந்து வந்தான்.

“மாமா, ரெண்டு கல்லைத் தட்டிவிட்டாப் போதும். சனம் நிக்குது!”

“ஏலே, பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டு நிலையில தலைய இடிச்சியே, நிலையவா பேத்த? குனிஞ்சுதானலே வந்த!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஒருவர் மட்டும் சீறினார்: “சமீன் வாசலுக்கு அம்மா குனியணுமோ?”

“சமீன் எங்க இருக்காரு? இந்தச் செங்கலச் சுட்டது நம்ம ஆளுக. அம்மா குனிய வேண்டாம், நாம மண்டி போடுவோம். எறக்குங்கலே தோள!”

அத்தனை பேரும் மண்டியிட்டோம். சரளை குத்த, முழங்காலாலேயே நகர்ந்தோம். கடப்பாரையை வீசிவிட்டு அந்தோணியும் தோள் கொடுத்தான். ஒரு செங்கல்லையும் உரசாமல் முடி மறுபுறம் வெளிவந்தது! குலவை எழுந்தது, கொட்டு முழங்கியது. அன்றுமுதல், முடி எவ்வளவு தாழ்ந்திருந்தாலும், அவ்விடத்தில் மண்டியிடுவதே நம் வழக்கம்.

இப்போது மாளிகையை வாங்கியவர், பெரிய லாரிகள் நுழையவில்லை என்கிறார். கடைசியாகக் கண்டபோது அண்ணாச்சி சொன்னார்: “லாரிக்குச் சுத்துப்பாதை இருக்கு. சப்பரத்துக்கு வேற வாசல் ஏது?”

என் முழங்காலில் அந்தச் சரளையின் தழும்பு இன்னும் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுச்சென்றது அதுவே.

விடிந்தால் இடிக்கும் பொறி வருகிறது. வாயிலில் அந்தோணி தனியே நிற்கிறான். எழுங்கள்! கொட்டுமேளத்தை எடுங்கள்! சப்பரத்தை இப்போதே தூக்குங்கள்! வளைவுக்கு நடுவே இறக்கி வைத்து, அதைச் சுற்றி மண்டியிடுவோம், வாருங்கள்!