ஒரு துண்டு பக்கல்யாவ்

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் நான் சமையல்காரி. போன மார்கழியில் போர்ச்சுகல் நாட்டிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து தங்கினார்கள். கணவருக்குப் புற்றுநோய். எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுவார். ஒருநாள் அந்த அம்மா, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரே ஒரு துண்டு உப்புமீனை என்னிடம் தந்தார். பக்கல்யாவ் என்று அதற்குப் பெயர். உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சமைத்தால் அவர் சாப்பிடுவாராம்.

"ரெண்டு நாளு ஊறணுமாம். நாலஞ்சு தபா தண்ணி மாத்தணுமாம்" என்று அந்த அம்மா சொன்னதைத் தமிழில் எனக்குச் சொன்னார் விடுதி மேனேஜர்.

"கருவாடு எனக்குத் தெரியாததா அண்ணாத்த? ஒரு மணி நேரம் வெந்நீர்ல கெடந்தா போதும்" என்றேன். அன்று மதியமே சமைத்துவிட்டேன்.

வாசனை வந்ததும் அந்தப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தானே ஸ்பூனை எடுத்தார். முதல் வாயிலேயே முகம் சுருங்கியது. மருந்தால் புண்ணாகிப்போன வாய்; மீனில் உப்பு இறங்கவே இல்லை. துப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா ருசி பார்த்தார். கணவரின் வாயைத் துடைத்துவிட்டார்.

"இன்னொரு துண்டு கீதான்னு கேளு அண்ணாத்த" என்று கெஞ்சினேன்.

"இல்லியாம்" என்றார், கேட்டுவிட்டு வந்த மேனேஜர்.

அதன்பின் அந்தப் பெரியவர் சாப்பிட எதையும் கேட்கவில்லை. நான்காம் நாள் இறந்துபோனார். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதும் யாராவது என் சமையலைப் புகழ்ந்தால், உள்ளே போய்விடுகிறேன்.