பதினாறு பொத்தான்களும் ஒரு துண்டும்

பன்னீரும் சாம்பார் ஏப்பமும் கலந்த கல்யாண மண்டப வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். அது மண்டபத்தின் குற்றமில்லை.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பாக்ஸ் என்கிற மின்தாளப் பெட்டி வாசித்தேன். 'வாசித்தேன்' என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் கால்குலேட்டர் தட்டுகிற ஆள். வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எதை அழுத்துகிறேனோ அந்த இடத்தில் அடி விழும். மறுபடி அழுத்தினால் அடி போய்விடும். பதினாறும் முடிந்தால் முதலிலிருந்து சுற்றும். ஓடும்போதே அடிகளை எடுத்து, போட்டு, அந்த நிமிடம் தோன்றுகிற தாளத்தைக் கட்டுவதுதான் என் வித்தை. அதை ஒருத்தராவது கவனிக்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

கல்யாண வீட்டாருக்கோ மேடையில் டிரம்ஸ் தெரிய வேண்டும். என் பெட்டி வந்ததும் வேலை போன டிரம்மரையே குழுவின் ஓனர் திரும்பக் கூப்பிட்டார். டிரம்ஸின் மேல் துண்டை விரித்து, சத்தம் வராமல் அவர் அடிக்க வேண்டும்; கேட்பது என் பெட்டியின் தாளம். இருபது வருடம் வாசித்த மனிதர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். எனக்கு அந்த ஏற்பாடே அருவருப்பாக இருந்தது. அவருக்காக இல்லை, கைதட்டல் அவருக்குப் போனதால்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வரவேற்பு. பதினாறிலும் அடி விழும் வேகமான பாட்டுக்குக் குழந்தைகள் அவரைப் பார்த்துப் பார்த்து ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரணத்தின் நடுவில் விரலை ஒரே இழுப்பாக இழுத்துப் பதினாறையும் அணைத்தேன். தாளம் நின்றது, பாடகியும் திகைத்து நின்றுவிட்டார். டிரம்மரின் கை நிற்கவில்லை. துண்டின்மேல் பொத் பொத்தென்று நாலைந்து அடி. மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

கீழே இறங்கியதும் அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒரு சாடை காட்டியிருக்கலாமுங்களே."

திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் ஓனர் ஓடிவந்து என் முதுகில் தட்டினார். "சனம் என்னமா சிரிச்சுதுங்க தம்பி! இனி எல்லாப் புரோகிராமுக்கும் இதை வெச்சுக்கலாமுங்க."

அதுவரை என்னை யாரும் பாராட்டியதில்லை. வெட்கங்கெட்டுத் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் உடுமலைப்பேட்டை. மேடையேறும் முன் டிரம்மர் துண்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பாட்டுலீங்க நிறுத்துவீங்க? சொல்லிப்போடுங்க, கையை நல்லா ஓங்கி வெச்சுக்கறேன்."

மூன்றாவது பாட்டு என்று சொன்னேன்.