ஜூஜூவாடி வரைக்கும் யார் தலை?

காலையில் மூக்கண்டப்பள்ளியில் வண்டியை எடுக்கும்போது, ஒன்பதாவது படிக்கும் எதிர்வீட்டு நவ்யா சாலைப் பாதுகாப்புப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

உடல்நலம், பாதுகாப்பு பற்றி மாணவர்கள் படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தெருக்காரர்கள் கொஞ்சம் பணம் தர வேண்டுமாம். பள்ளி நூலகத்துக்கு.

நல்ல விஷயம்தானே என்று பர்ஸைத் திறந்தேன்.

"இருங்கக்கா. புக்குல இருந்து ஒரு கேள்வி கேப்பேன். சரியா சொன்னாத்தான் காசு வாங்குவேன். ஹெல்மெட் எதுக்கு?"

"அத்திப்பள்ளி போலீசுக்கு" என்று சிரித்தேன். பெங்களூரு பக்கம் வேலைக்குப் போகிற நமக்குத் தெரியாததா? தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைசி ஊரான ஜூஜூவாடி வரை ஹெல்மெட் வண்டியில் தொங்கும். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி வந்தால்தான் தலைக்கு ஏறும்.

அவள் சிரிக்கவில்லை.

"அப்போ ஜூஜூவாடி வரைக்கும் அது உங்க தலை இல்லீங்களாக்கா?"

காசு வாங்காமலே போய்விட்டாள்.

வீட்டு வாசலிலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் திரும்பியபோது கேட்டில் நின்றிருந்தாள். முதலில் என் தலையைப் பார்த்தாள். பிறகுதான் கையை நீட்டினாள்.

அடுத்து தூக்கம் பற்றிய புத்தகமாம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலெல்லாம் ரீல்ஸ் பார்க்கும் தெருக்காரர்களே, பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.