கொளுக்கி இல்லாத வெள்ளிக்கிழமைகள்

போன கிழமை கறித்தூளுக்குச் சரக்கு வறுத்தேன். மல்லி, மிளகு, சின்னச்சீரகம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெருஞ்சீரகத்தைச் சட்டியில் போட்டதும் மகள் அறையிலிருந்து ஓடிவந்து, "அம்மா, மேல்வீட்டுக்காரர் பொலிஸுக்குப் போன் அடிக்கப்போறார்" என்று ஜன்னலெல்லாம் திறந்துவிட்டாள். எனக்கோ அந்த வாசம் மூக்கில் ஏறியதும் மேல்வீடும் தெரியவில்லை, கீழ்வீடும் தெரியவில்லை. அகப்பையோடு ஒரு குளக்கரையில் நிற்கிறேன். பெருஞ்சீரகம் கருகிப்போச்சு.

சொன்னால் சிரிப்பீர்கள். பெருஞ்சீரக வாசம் வந்தால் எல்லாருக்கும் இறைச்சிக்கறி ஞாபகம் வரும், எனக்குத் தூண்டில் கொளுக்கியில் கோர்க்கிற றப்பர் மீன்குஞ்சு. சுண்டுவிரல் நீளம், தொட்டால் வழுவழு என்று வாலை ஆட்டும். இங்கே அதைக் கும்மிஃபிஷ் என்பார்கள். அதில் பெருஞ்சீரகம் மாதிரி மணக்கிற எண்ணெய் ஒன்றைப் பூசித்தான் விற்பார்கள். இந்த நாட்டு மீனுக்கு அது பிடிக்குமாம். மீன் உயிரோடு இருக்கும்போதே கறிச்சரக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள் என்று அப்போது நான் பகிடி விடுவேன்.

அப்போது என்றால், நான் கலியாணம் முடித்து சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊருக்கு வந்த புதிது. படத்தைப் பார்த்து, டெலிபோனில் நாலு வார்த்தை கதைத்து முடிந்த கலியாணம். அவருக்குப் பாண் சுடுகிற பக்டரியில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் பகல் வேலை, சனி ஞாயிறும் போகவேண்டும். அவர் வந்து படுக்கிற கட்டில் என்னுடைய சூடு ஆறாமல் கிடக்கும். படியில் கண்டால் "சாப்பிட்டீரோ?" என்பார். "ஓம்" என்பேன். அவ்வளவுதான் எங்கள் குடும்பம். இந்த மனிசனை எனக்குத் தெரியவே தெரியாது, தெரியாமலே கிழவியாகிவிடுவேன் என்று பயந்து, திரும்ப அம்மாவிடம் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பொய் சொல்லவில்லை, பெட்டியைக் கட்டிலுக்கு மேல் எடுத்தும் வைத்தேன்.

இரண்டு பேருக்கும் பொதுவாக லீவு வந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அந்த நாளிலும் காலமை ஒரு மெல்லிய தடியைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போய்விடுவார். அவரோடு வேலை செய்த இத்தாலிக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன தூண்டில்தடி. ஒருநாள் நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

பஸ் எடுத்து, இறங்கி, பற்றைக்குள்ளால் நடந்தால் ஒரு குளம். மீன்பிடிச் சங்கம் ஒன்று பார்க்கிற குளம் அது. அனுமதி அட்டையோடுதான் இறங்கலாம். அதில் எக்லி என்று ஒரு மீன், பச்சை உடம்பில் கறுத்தக் கோடும் சிவந்த செட்டையுமாக, நல்ல வடிவு. தலைமயிர் அளவு மெல்லிய தங்கூசி நைலோன் நூல் கட்டினால்தான் கொத்துமாம். தடித்த நூலைக் கண்டால் கிட்டவும் வராதாம். ஆனால் பாண்மாப் பிசைந்த அவருடைய கை, அந்த நூலில் முடிச்சுப் போடப் போய்ச் சிக்கலாக்கிக்கொண்டு நின்றது.

"தாங்கோ இஞ்ச" என்று வாங்கி, சிக்கெடுத்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். தண்ணீரைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "உமக்கு அனுப்பின படம் பழைய படம். தலைமயிர் இருந்த காலத்துப் படம். எயாபோட்டில நீர் திரும்பிப் போயிடுவீரோ எண்டு எனக்கு நடுக்கம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வாய் கட்டிப்போகும். அங்கே இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம், கதை தானாக வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளியும் விடவில்லை. அம்மாவுக்கு டெலிபோனில் சொன்னபோது, "மாப்பிள்ளை மீன் பிடிக்கிறாரோ? ஊருக்குள்ள ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை" என்று மூச்சை இழுத்தா. பிடிப்பது மட்டும்தான் அம்மா, கொண்டுவருவதில்லை என்றேன். உண்மைதான். அவர் வெள்ளி விரதக்காரன். அன்றைக்கு மீன் மச்சம் ஒன்றும் வீட்டுப் படியேறாது, உயிர் கொல்லவும் மாட்டார். கொத்தின எக்லியைப் பூப்போலக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார். புண்ணியம் செய்கிறோம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் புண்ணியத்தைச் சங்கத்துக் காவல்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார். தாடி வைத்த சுவிஸ்காரர். முகம் சிவந்துபோச்சு. அளவுக்கு வளர்ந்த மீனை விடக்கூடாதாம். விடுவதற்கென்றே பிடிப்பது மீனை வதைப்பதாம், சட்டப்படி குற்றமாம். பிடித்தால் உடனே கொன்று கொண்டுபோய்ச் சாப்பிடவேண்டும்.

எனக்குத் தெரிந்த டொச் பாஷையையெல்லாம் கூட்டி அள்ளி, "ஹொய்ட்டே ஃப்ரைடாக்! கைன் ஃபிஷ்! கோட்!" என்று வானத்தைக் காட்டினேன். இன்றைக்கு வெள்ளி, மீன் இல்லை, கடவுள். வேறென்ன சொல்ல?

காவல்காரர் வாயைப் பிளந்தார். "வெள்ளிக்கிழமைதானே மீன் சாப்பிடவேண்டும்! நாங்கள் கத்தோலிக்கர், என் அம்மா வெள்ளியில் மீனைத் தவிர வேறொன்றும் சமைத்ததில்லை" என்றார். பிறகு, "சாப்பிடமாட்டீர்கள் என்றால் ஏன் கொளுக்கியைப் போடுகிறீர்கள்? இனி மீன் வேண்டிய நாளில் வாருங்கள்" என்று, வாங்கிப் பார்த்த அனுமதி அட்டையைத் திருப்பித் தந்தார். கேள்வி நியாயம்தான். ஏன் போட்டோம் என்று டொச்சில் மட்டுமில்லை, தமிழில்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது.

பஸ்ஸில் இவர் தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவ்வளவுதான், பழையபடி படியில் கண்டு "சாப்பிட்டீரோ" தான் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். விரதத்தை விடுங்கோ என்று கேட்கலாம். கேட்டால் எனக்காக அவர் விட்டிருப்பார், அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயம்.

அடுத்த வெள்ளி விடிய எழும்பிக் குசினிக்குள் போனால், மேசையில் றப்பர் மீன்களைப் பரப்பிவைத்துக்கொண்டு இவர் குறட்டால் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா செய்யிறியள்? விசரோ?"

"கொளுக்கி இருந்தால்தானே குற்றம்? வெளிக்கிடும், பஸ் போயிடும்."

அன்றிலிருந்து நாங்கள் கொளுக்கி இல்லாமல் தூண்டில் போட்டோம். மீன் வந்து றப்பர் வாலை இழுத்துப் பார்க்கும். அந்த மெல்லிய நூலால் டொக் டொக் என்று விரலுக்கு வரும். பிறகு துப்பிவிட்டுப் போய்விடும். காவல்காரர் வந்தார், நூலைத் தூக்கிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அப்படி ஒரு வெள்ளியில்தான் இவர் தன் அம்மா செத்த கதையைச் சொன்னார். அகதி வழக்கு முடியாததால் ஊருக்குப் போக முடியவில்லை. அப்போது றெஸ்ரோறன்ற் ஒன்றில் வேலை. செய்தி வந்த அன்றைக்கும் நின்று உருளைக்கிழங்கு உரித்தாராம். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குத்தான் சொல்லுறன்" என்றார். நூல் டொக் டொக் என்றது. இரண்டு பேரும் அசையவில்லை. என் புருஷன் இவர்தான் என்று எனக்கு விளங்கினது அந்த நேரம்தான்.

பிறகு மகள் வந்தாள். அவருக்குப் பகல் வேலை கிடைத்தது, எனக்கும் சனி ஞாயிறு லீவானது. காலம் எங்களுக்கு நல்லதைத்தான் செய்தது, குறை சொல்லமாட்டேன். இப்போது அவர் ஞாயிறுகளில் கூட்டாளிமாரோடு காரில் போகிறார், விலையான தடி, நல்ல கொளுக்கி, சட்டப்படி மீன். எக்லி பொரியலுக்கு எங்கள் வீட்டை அடிக்க ஆளில்லை. விருந்தாளிகள் வந்தால் அவர் நல்லாகக் கதைப்பார். என்னோடு கதைக்கத்தான் இப்போது ஒன்றும் இல்லை. சண்டை இல்லை, கோபமில்லை. எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிட்டோம் என்று நினைக்கிறாரோ தெரியாது. எனக்கு முடியவில்லை. அந்தக் குளக்கரை மனிசனை நினைத்தால் ஏங்குது, அவர் பக்கத்திலேயே இருக்கும்போதும்.

நேற்றுச் சனிக்கிழமை, சோபாவின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு ரெண்டுபேருமாக் குளத்துக்குப் போவமோ?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏன், மீன் வேணுமோ? ஃப்ரீசர் நிறையக் கிடக்குதே."

"ஓம், கிடக்குது" என்றேன்.