முத்திரை விழுந்த தாள்

அக்கா கண்ணை மூடிய பிறகு அவளுடைய கைப்பையைத் திறந்தபோது, அடையாள அட்டையோடு சேர்த்து நாலாக மடித்த ஒரு கொப்பித்தாள் இருந்தது. பன்னிரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அம்புக்குறி, அடியில் அத்தானின் கையெழுத்தில் 'கலியாணப் புல்லாங்குழல்'. மூலையில் மங்கிப்போன பொலிஸ் முத்திரை. அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாய் வந்தன.

அத்தானுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. சனி ஞாயிறுகளில் கொட்டாஞ்சேனைக் கலியாண வீடுகளில் சிந்தசைசர் என்ற மின்சார வாத்தியம் வாசிப்பார். கப்பலில் வந்த பழைய சாமான் அது. பிந்தி வந்தவற்றைப் போல ஒரு பொத்தானை அமத்தினால் போதாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பன்னிரண்டு குமிழ்களையும் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். பிடித்த சத்தம் கிடைத்துவிட்டால், குமிழ்கள் நின்ற இடங்களைத் தாளில் கீறி வைப்பார். இன்னொரு வீம்பும் இருந்தது. கால் மணித்தியாலம் சூடாகாமல் சுருதி நிற்காது என்று, மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றாலும் தொடமாட்டார்.

சண்டைக் காலம். ஒரு விடியற்காலைத் தேடுதலில் ஆமிக்காரர் அந்தத் தாள்களைக் கண்டார்கள். வட்டமும் அம்பும் தமிழ் எழுத்தும் என்றால், குண்டுக்குக் கீறிய படம் என்றல்லாமல் வேறென்ன நினைப்பார்கள்? சிந்தசைசரின் மூடியைக் கழற்றி வயர்களை இழுத்துப் பார்த்துவிட்டு, அத்தானையும் தாள்களையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் அக்காவும் நானும் சிந்தசைசரைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனோம். வாசித்துக் காட்டு என்றார் பொறுப்பதிகாரி. அத்தான் பிளக்கைச் செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். "உயிர் போற நேரத்திலயும் உந்த மனுசனுக்குச் சுருதி!" என்று அக்கா என் காதுக்குள் சீறினாள். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தபடி பொறுத்தார். பிறகு அத்தான் ஒரு தாளை எடுத்து, அதன்படி குமிழ்களைத் திருப்பிப் புல்லாங்குழலை வரவழைத்தார். ஐந்தாறு கட்டைகள் ஊமையாகியிருந்தன. அவற்றை விலத்தி விலத்தியே முழுப் பாட்டையும் வாசித்தார். அந்த நிமிர்வை இன்றைக்கும் வியக்கிறேன். அதிகாரி அந்தத் தாளில் முத்திரை குத்தி, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா உடைந்துபோனாள். "உந்தச் சாமான் இஞ்ச இருக்கிற வரைக்கும் எனக்கு நித்திரை வராது. எனக்கு நீங்கள் வேணும்."

அத்தான் சரி என்றார். தன்னோடு கிற்றார் வாசித்த மருதானைச் சிங்கள நண்பருக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் ஊமைக் கட்டைகளோடு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து, அறுந்த வயர்களை ஒவ்வொன்றாய்த் தேடி ஈயம் பற்றவைத்தார். இரண்டு கிழமை எங்களுக்கு நிலத்தில்தான் சாப்பாடு. கடைசிக் கட்டையும் பேசிய அன்றே நண்பரை வரச் சொன்னார். தாள்களைக் கொடுக்கும்போது புல்லாங்குழல் தாளைக் காணவில்லை. அத்தான் தேடவேயில்லை. ஞாபகத்திலிருந்து புதிதாய் ஒன்று கீறிச் சேர்த்தார்.

முத்திரையில் பொலிஸ் நிலையத்தின் பெயரும் திகதியும் மட்டுந்தான் இருந்தன. அதைக் காட்டினால் அத்தானை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, எத்தனை செக்பொயின்றுகளை அக்கா தாண்டியிருப்பாள்!

போன கிழமை தாளை அத்தானிடம் நீட்டினேன். "இது அக்காட்ட இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். அவள் எடுத்ததைக் கண்டனான். அதாலதான் மற்றதைக் கீறினனான்." முத்திரையைப் பெருவிரலால் தடவினார். "சிந்தசைசரைக் குடுத்தும் அவளுக்குப் பயம் போகேல்லை. வேற என்னத்தைத்தான் நான் குடுக்கிறது?"

பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, அக்காவின் பைக்குள் திரும்ப வைக்கச் சொன்னார்.