பாயசத்தைப் பிடித்த கை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பூவாறு காயலில் நடந்தது. எனக்கு சாலைக் கடைத்தெரு பக்கம் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை. பதினெட்டு வருடமாகப் பாயசம் நான்தான் வைக்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. இதை மட்டும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அன்று என் மனைவியின் அக்கா வீட்டில் பால்காய்ச்சு. காயலுக்கு அக்கரையில் புது வீடு. பாயசம் என் பொறுப்பு. இக்கரையில் என் அண்ணன் வீட்டில் வைத்து இறக்கினேன். சுற்றிப் போகும் ரோட்டில் பாலம் வேலை நடந்தது. ஆட்டோ எதுவும் வரவில்லை. அண்ணனின் சின்ன வள்ளம் கரையில் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கரையில்தான். துடுப்புப் போடத் தெரியும். மனைவி டவுனில் வளர்ந்த வலியசாலைக்காரி. நீச்சல் தெரியாது. பத்து நிமிடத் தூரம்தானே என்று லைஃப் ஜாக்கெட்டும் தேடவில்லை.

பின்னால் நான் உட்கார்ந்தேன். நடுவில் பாயசச் சருவம், வாய் அகன்ற பெரிய பாத்திரம். முன்னால் அவள், என்னைப் பார்த்தபடி, சருவத்தின் மூடித் தட்டில் துணி போட்டுக் கை வைத்து உட்கார்ந்தாள். வழியில் சிந்தக் கூடாது என்று முக்கால் அளவுதான் ஊற்றியிருந்தேன். அது தப்பு என்று தெரியாது. நிறைந்த பாத்திரம் அடங்கி இருக்கும். இடம் விட்டால் உள்ளே இருப்பது ஓடி விளையாடும்.

காயலில் டூரிஸ்ட் போட்டுகள் பறந்தன. முதல் போட் போய் வெகு நேரம் கழித்து அதன் அலை வந்தது. அப்படித்தான் வரும். போட் போய்விட்டதே என்று அசந்து இருக்கக் கூடாது. நான் வள்ளத்தை அலைக்கு நேராகத் திருப்பினேன். ஏறி இறங்கியது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாத. அலைக்கு மூக்கக் காட்டணும். வெலாவக் காட்டினாத்தான் கவுத்தும்."

"கொள்ளாம், நல்ல பாடம். வீட்டுல ஒண்ணு சொன்னா மட்டும் முதுகக் காட்டுதீங்க."

சிரித்தோம். அதற்குள் ஒரு ரிசார்ட்டின் கல்சுவர் ஓரம் வந்துவிட்டோம். இரண்டு போட்டுகள் போட்டி போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டின. அவற்றின் அலை ஒரு பக்கம் வந்தது. சுவரில் மோதிய அலை மறுபக்கம் திரும்பி வந்தது. எதற்கு மூக்கைக் காட்டுவது என்று விளங்கவில்லை. வள்ளம் துள்ளியது. சருவம் நகர்ந்தது.

நான் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சருவத்தைப் பிடித்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. பாத்திரம் சாய்ந்தால் என் கை தானாகப் போகும். துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. வள்ளம் அலைக்கு விலாவைக் காட்டி நின்றது. அடுத்த அலை உள்ளே ஏறியது. அவள் மடி நனைந்தது. நான் பிடிக்கப் பிடிக்க, பாயசம் தாழ்ந்த பக்கமே ஓடி வள்ளத்தை இன்னும் சாய்த்தது. கை வெந்தது. விடவில்லை.

"வள்ளம் சுத்துது! திருப்புங்க!"

நான் அசையவில்லை. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மூடித் தட்டை உருவி எடுத்தாள். பக்கவாட்டில் சாய்ந்து, தட்டைத் தண்ணீரில் முக்கித் தன் பக்கம் இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இழுத்தாள். மூக்கு மெதுவாகத் திரும்பியது. வந்த அலையில் பெரியது எங்களுக்கு அடியில் போயிற்று. நான் சொல்லிக் கொடுத்ததை அவள் செய்தாள்.

ஒரு போட் திரும்பி மெதுவாக வந்தது. ஓட்டியவன் துடுப்பை எடுத்து நீட்டினான். சின்ன வயசு.

"சேட்டா, கண்டில்ல கேட்டோ. ஷமிக்கணும்."

"மனுஷங்களத்தான் காணல. இந்தச் சருவம்கூடவா காணல?" என்று கேட்டாள் என் மனைவி.

துடுப்பையும் அவள்தான் வாங்கினாள். என் கை அப்போதும் சருவத்தில் இருந்தது.

அக்கரை சேர்ந்தோம். அக்காவிடம் ஒரு புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு அவள் பந்தியில் பாயசம் விளம்பினாள். எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

"சகலை, காயல்ல கொண்டு வந்தும் ஒரு சொட்டு சிந்தலியே! கைன்னா இது கை!" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

அவள் என் இலைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அடுத்த இலைக்கு விளம்பப் போனாள். நான் பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்தேன்.

சாயங்காலம் வள்ளத்தை அங்கேயே கட்டிப்போட்டு, பாலம் வரை நடந்துபோய் பஸ் பிடித்தோம். வீட்டில் என் உள்ளங்கை சிவந்திருந்ததைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். "எரியுதா?" என்றாள். "இல்ல" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. துடுப்பை ஏன் விட்டீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை.

நீச்சல் தெரியாத ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்க, என் கை போனது பாயசத்துக்கு. அவள் ஒரு தடவை திட்டியிருந்தால் நான் இதை மறந்திருப்பேன்.